பதினெட்டுத் தம்ளர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வாரம் முழுக்க ஒரே நினைப்புதான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அவர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும்.

பாடம் பட்டை வரைபடம். புத்தகத்தில் இருந்த பழக்கடைக் கணக்கு பிள்ளைகளுக்குச் சலித்துப் போயிருந்ததால் அவளே ஒன்று யோசித்தாள். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ண வேண்டும். கட்டத்தாளில் கீழே கிழமை, ஓரத்தில் எண். ஒரு கட்டம் ஒரு தம்ளர். தாளில் உயரவாக்கில் பன்னிரண்டு கட்டம். அதற்கு மேல் எந்தப் பிள்ளை குடிக்கப் போகிறது?

பிள்ளைகள் உற்சாகமாகத்தான் இறங்கினார்கள். ஒருத்தி பட்டையை அடிக்கோட்டிலிருந்து தொடங்காமல் நடுவில் தொங்கவிட்டிருந்தாள். "பட்டைக்குக் கால் தரையில படணும்டா கண்ணு" என்று டீச்சர் திருத்தினாள். இன்னொருவன் அரைத் தம்ளரைத் தம்பி பிடுங்கிக் குடித்துவிட்டதாகவும், அந்த அரைக் கட்டத்தைத் தம்பி பெயரில் போடலாமா என்றும் கேட்டான்.

வியாழக்கிழமை கடைசிப் பிரிவேளையில் சிட்டு தன் தாளைக் கொண்டு வந்தாள். மூன்றாம் பெஞ்சுச் சிட்டு, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. பட்டைகள் தாளுக்குள் அடங்காமல், மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருந்தாள். பதினொன்று, பதினாலு, பதினாறு, பதினெட்டு.

"என்னடி இது, நீ என்ன ஆனையா?"

வகுப்பு சிரித்தது.

"நிஜமா டீச்சர். எண்ணித்தான் போட்டேன்."

"ஒவ்வொரு வாயையும் எண்ணியிருப்பே. வேற தாள் தர்றேன், சரியா போடு. நாளைக்குச் சுவத்துல ஒட்டணும்."

சிட்டு இடத்துக்குப் போய் ஆறு, ஆறு, ஏழு, ஆறு என்று போட்டுக் கொடுத்தாள். அழகாக, கோடு தாண்டாமல்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் சுவரில் தாள்களை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓரம் கோணியதைப் பிரித்து மறுபடி ஒட்டினாள். காலையிலிருந்து சிட்டு நாலு முறை வெளியே போக அனுமதி கேட்டிருந்தாள். நாலாவது முறை, "அதிகாரி இருக்கும்போது எழுந்திருச்சே, பாரு" என்று டீச்சர் சிடுசிடுத்தாள். இப்போது திரும்பிப் பார்த்தால் அவள் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள். எழுப்பலாம் என்று குனிந்தபோது அந்த மூச்சுக்காற்று முகத்தில் பட்டது.

அழுகத் தொடங்கிய பழ வாசனை.

டீச்சருக்கு அந்த வாசனை தெரியும். அவளுடைய அண்ணனுக்குப் பதினோரு வயதில் இதே வாசனை வந்தது. அடுத்த நாள் மயங்கி விழுந்தவன் மூன்று நாள் கண் திறக்கவில்லை. சர்க்கரை நோய் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும் என்று வீட்டில் அன்றுதான் தெரிந்தது. அவனும் அதற்கு முன் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தான். அது எப்படி நேற்று நினைவுக்கு வராமல் போனது?

சிட்டுவின் நோட்டைப் புரட்டினாள். பழைய தாள் நாலாக மடித்துக் கிடந்தது.

"சிட்டு, இது நிஜமா?"

கண்ணைப் பாதி திறந்த பிள்ளை சொன்னது: "நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க."

தலைமையாசிரியை அறையிலிருந்து சிட்டுவின் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் பஸ் கண்டக்டர். வேலை நேரத்தில் போன் பைக்குள் கிடக்கும். ஆட்டோ வரக் கால் மணி நேரமாகும் என்றார்கள்.

"மூணு மணிக்கு அவர் வர்றாரே. சாயந்திரம் அம்மா கூப்பிட வரும்போது சொல்லிக்கக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியை.

"சாயந்திரம் வரைக்கும் தாங்குமான்னு தெரியலை மேடம்."

சுவரோரம் சாய்ந்திருந்த சிட்டு, "அம்மா பஸ் ரெண்டு பத்துக்கு நம்ம ஸ்டாப்புக்கு வரும்" என்று முனகினாள். அந்த பஸ் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். தலைமையாசிரியை பிள்ளையை ஒரு நிமிடம் பார்த்தார். "கிளம்புங்க. அதிகாரியை நான் சமாளிச்சுக்கறேன்."

பஸ் ஆறு நிமிடம் தாமதம். சிட்டுவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு டீச்சர் சாலையையே பார்த்தபடி நின்றாள். எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு லேசாகவா இருக்கும்?

பஸ் நின்றதும் படியிலேயே அம்மா கேட்டாள்: "என்ன டீச்சர், என்ன பண்ணினா இவ?"

டீச்சர் ஏறி, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அம்மாவின் கையில் டிக்கெட் மிஷின் அப்படியே நின்றது.

"படுக்கையை நனைக்கிறா டீச்சர், நாலு நாளா. இந்த வயசுலயான்னு நேத்து முதுகுல ஒண்ணு போட்டேன்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல ரெண்டு ஸ்டாப் இருக்கு. யாராவது இறங்கணுமா?" என்று குரல் கொடுத்தார். எழுந்து நின்ற ஒருவர் சிட்டுவைப் பார்த்துவிட்டு, "நான் திரும்பி நடந்துக்கறேன், நீங்க நேரா விடுங்க" என்று உட்கார்ந்தார். பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்துக்கு மிஷினில் எண் வரவில்லை. சர்க்கரை, மிஷினால் அளக்க முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்ற குறிதான் வந்தது. டாக்டரம்மா படபடவென்று ஆட்களை அழைத்தார். "ஒரு நாள் தள்ளியிருந்தா பேச்சு மூச்சில்லாமத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடைக்கூடத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி எப்போது தாண்டியது என்று டீச்சர் கவனிக்கவில்லை. சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அவ சரியாத்தான் போட்டிருந்தா. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன்."

அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே, "நான் அடிச்சேன், நீங்க மாத்தச் சொன்னீங்க" என்றாள். பெஞ்சை விட்டு எழுந்து போகவில்லை.

இருட்டுவதற்குள் சிட்டு கண் விழித்துப் பசிக்கிறது என்றாள்.

அதிகாரி அரை மணி நேரம் காத்திருந்து, 'ஆசிரியை வகுப்பில் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியை காரணம் எழுதி அனுப்பினார், பதில் வரவில்லை. வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்துச் சிட்டு பள்ளிக்கு வந்தாள். காலையும் மாலையும் ஊசி அம்மா பாடு. மதியம் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்ப்பது டீச்சர் பொறுப்பு. நர்ஸ் இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருந்தும் முதல் நாள் டீச்சர் ஊசியை விரலருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பயப்படாதீங்க டீச்சர். நுனியில வேண்டாம், பக்கவாட்டுல குத்துங்க. அங்க வலிக்காது" என்று சிட்டு விரலை நீட்டினாள்.

ஒரு துளியை வைத்ததும் மிஷின் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டாள். நூற்று நாற்பது, நர்ஸ் சொன்ன அளவுக்குள்தான். அவள் அதை எழுதி முடிப்பதற்குள் சிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டாள்.