உம்மாவுக்கு எட்டுகிற உயரம்

நிக்காஹ் சீராக வாப்பா செய்துகொடுத்த டிரெஸ்ஸிங் டேபிள், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. தேவ்நாரில் ஏழாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் நடக்க வேண்டும். இடுப்பில் இடித்துக்கொள்ளாமல் உம்மா ஒரு நாள் கூடக் கடந்ததில்லை. ஆனாலும் அதை நகர்த்தலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

பரீஹா கல்யாண் நகரத்தில் புருஷனோடு இருந்தபோது அந்த மேசைக்கு முன்னால்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தாள். அடித்தான், வைதான் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். "பம்பாய் கெட்ட ஊரு, உன் நல்லதுக்குத்தான்" என்பான். ஒரு நாள் பக்கத்து வீட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆகிப் புகை வந்தது. மாடிப்படியில் எல்லாரும் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. அவள் மட்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வாட்ச்மேன் வந்து பூட்டை உடைத்தான். அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான். ஜமாத்தில் பேசி, பிரிந்து, சாமான்களெல்லாம் ஒரு டெம்போவில் திரும்பி வந்தன. கட்டிலை மாமா வீட்டுக்குக் கொடுத்தார்கள். பீரோவை விற்றார்கள். டிரெஸ்ஸிங் டேபிளை மட்டும் வாப்பா விடவில்லை. "தேக்கு. நானே நின்னு செஞ்சு வாங்கினது," என்றார்.

பரீஹா இப்போது செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். வேலை பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து மேசையைப் பார்க்கும்போது மட்டும் அந்தப் பூட்டிய கதவு ஞாபகம் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவளிடம் உம்மா நூர் நிஷா மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை முலுண்ட்ல இருந்து உன்னப் பொண்ணு பாக்க ஆளு வாராவளாம். நல்ல எடமாம்."

"யாரு வரச் சொன்னா?"

"புரோக்கர் வாப்பாட்ட பேசியிருக்காரு. வாப்பாவும் வரட்டும்னு சொல்லிட்டாவ. சீர் சாமான் கூட ஒண்ணு புதுசு மாதிரியே இருக்குன்னு அந்த புரோக்கர் அவங்ககிட்ட சொல்லியிருக்கான்."

பரீஹா பால்கனிக்குப் போய் வடிவுக்கு போன் போட்டாள்.

சண்முகவடிவு தாராவியில் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது அவளும் அவள் புருஷன் மாரிக்கண்ணனும் அதே தாராவியில் ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். பழைய மேசை, அலமாரி, தையல் மெஷின் ஸ்டாண்டு, எதுவாக இருந்தாலும் வாங்கி, இடித்த கட்டடங்களிலிருந்து வரும் வாஷ்பேசினை அதில் பொருத்தி, குளியலறைக்கு ஏற்றதாக மாற்றி விற்பார்கள். மரவேலை வடிவுடையது, குழாய் வேலை மாரிக்கண்ணனுடையது.

"வடிவு, எங்க வீட்டு டேபிள வாஷ்பேசினாக்க முடியுமாட்டி?"

"எத? சீர்ல வந்ததையா? வாப்பா கொன்னு போட்டுருவாவ."

"முடியுமா, முடியாதா?"

வடிவு கொஞ்சம் யோசித்தாள். "தேக்குன்னா தண்ணிக்குத் தாங்கும். மேல்பலகைய எடுத்துட்டு மார்பிள் போடணும். நடு டிராயர் போயிரும், பைப்பு போகணும்லா. செம்பூர்ல பங்களா ஒண்ண இடிச்சாங்க, பழைய சாமான் விக்கிற பங்கார் கடையில ஒரு தொட்டி கெடக்கு. பழசு, கனமானது, ஒரு கீறல் கெடையாது. வேணும்னா எடுத்து வைக்கேன்."

"எடுத்து வை. நாளைக்கே டெம்போ கொண்டா."

"ஏட்டி, அறுத்துட்டா திரும்ப ஒட்ட முடியாது. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு."

மறுநாள் வாப்பா தாராவியில் இருக்கும் தன் தோல்பை பட்டறைக்குக் கிளம்பிப் போன பிறகு டெம்போ வந்தது. வடிவும் மாரிக்கண்ணனும் மேசையைத் தூக்கினார்கள். உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. "நான் எதையும் பாக்கல," என்று உள்ளேயிருந்து சொன்னாள். லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் ஓடி வந்து, மேசை டிராயர் சாவியை வடிவின் கையில் வைத்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

"கண்ணாடிய என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள் வடிவு.

"எனக்கு வேண்டாம். வித்துரு."

சாயங்காலம் வாப்பா வந்தார். செருப்பைக் கழற்றியவர் வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"எங்க?"

"வடிவு பட்டறையில. வாஷ்பேசின் வச்சுத் தரச் சொல்லியிருக்கேன், வாப்பா. இந்த வீட்ல நின்னுக்கிட்டு மூஞ்சி கழுவ ஒரு எடம் இல்ல. உம்மாவுக்கு முட்டுவலி. நீங்க தொழுகைக்கு ஒளு எடுக்கையில குனிஞ்சு குனிஞ்சு இடுப்பப் புடிச்சிக்கிட்டு எந்திரிக்கிய." சொல்ல வந்தது அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "அது இங்க நிக்கது எனக்குப் புடிக்கல," என்று முடித்தாள்.

வாப்பா சாப்பிட்டார், தொழுதார், படுத்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். சோறு போடு, தண்ணி கொண்டா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. திட்டினால் கூடப் பதில் சொல்லலாம். இந்த மௌனத்துக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் செய்தது சரிதானா என்று கூடச் சந்தேகம் வந்தது. வடிவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருமுறை போனைக் கையில் எடுத்தாள். மேல்பலகையை அன்று காலையிலேயே கழற்றிவிட்டதாக வடிவு மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

வியாழக்கிழமை லேபில் கூட்டமாக இருந்தது. பில் போட்டுக்கொண்டிருந்தபோது வடிவிடமிருந்து போன்.

"ஏட்டி, உங்க வாப்பா கடைக்கு வந்திருக்காவ. ஒண்ணும் பேச மாட்டேங்காவ. டேபிளையே பாத்துட்டு நிக்காவ. எனக்குப் பயமா இருக்குட்டி. நீ வா."

பரீஹா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். சயான் வரைக்கும் டிராஃபிக். வழியெல்லாம் வாப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். மேசையை அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொல்வார். அதற்கும் வழியில்லை, அறுத்தாகிவிட்டது. வடிவைக் கடைவீதியில் வைத்துத் திட்டியிருப்பாரோ என்றும் நினைத்தாள்.

போய்ச் சேர்ந்தபோது வாப்பா இல்லை. வடிவு மட்டும் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"போயிட்டாவளா? என்ன சொன்னாவ?"

"ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லல. பெறவு அந்தத் தொட்டியத் தூக்கி மார்பிள் மேல வைக்கச் சொன்னாவ. வச்சேன். 'ஒசரம் ஜாஸ்தி, நூர் நிஷாவுக்கு எட்டாது'ன்னாவ. 'கால அறுக்கணும் வாப்பா, உங்க மவ அது நீங்க பாத்துப் பாத்து செஞ்ச கடைசல் காலுன்னாளே, அதான் நான் தொடல'ன்னேன். அங்க பாரு."

பரீஹா குனிந்து பார்த்தாள். மேசையின் நான்கு கால்களிலும் ஒரே மட்டத்தில் பளபளவென்று கோடு போட்டிருந்தது. வாப்பா தோலில் குறி போட எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் வெள்ளி மைப் பேனாவின் கோடு.

"அவங்களேவா போட்டாங்க?"

"மண்டி போட்டு உக்காந்து, இஞ்ச் டேப் வச்சு. 'இதுக்கு மேல அறுத்துராத'ன்னு ரெண்டு வாட்டி சொன்னாவ. டென்ஷன் லேனே கா நை, கவலப்படாத பரீஹா. உக்காரு, டீ சொல்லுதேன்."

பரீஹா உட்கார்ந்தாள். மரத்தூள் மேல் உட்கார்ந்தோம் என்பதைக் கூட டீ வந்த பிறகுதான் கவனித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மேசை வந்தது. இப்போது அதை மேசை என்று சொல்ல முடியாது. குட்டையாகியிருந்தது. மேலே சாம்பல் நிற மார்பிள், அதன்மேல் வெள்ளைத் தொட்டி. கால்களின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்க ரப்பர் மூடிகள் போட்டிருந்தாள் வடிவு. நடு டிராயரின் முகப்பை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தாள். பக்கத்து டிராயர் இரண்டும் நன்றாகத் திறந்து மூடின. மாரிக்கண்ணன் குளியலறைச் சுவரில் துளை போட்டுக் குழாயை இழுத்துப் பொருத்தினார். முதலில் திறந்தபோது தண்ணீர் சீறி அடித்து அவர் சட்டையெல்லாம் நனைந்தது. உம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் பரீஹாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது மறக்கவில்லை. உம்மா வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்ய அரிசி ஊறவைக்கலாமா என்று கேட்டபோது, "வாப்பா வரட்டும், நானே சொல்லிருதேன்," என்றாள். என்ன ஆனாலும் இந்தத் தடவை நேரடியாகவே சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

வாப்பா வரும்போது கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. அதை நாற்காலியில் வைத்துவிட்டு வாஷ்பேசின் முன்னால் போய் நின்றார். குழாயைத் திறந்தார், மூடினார். டிராயரை இழுத்துப் பார்த்தார்.

"நூர் நிஷா, இங்க வந்து நில்லு."

உம்மா வந்து நின்றாள். தண்ணீரைக் கையில் ஏந்தி முகம் கழுவினாள். முழங்கை சரியாகத் தொட்டியின் விளிம்புக்கு மேலே நின்றது.

"சரியா இருக்கா?"

"ரொம்பச் சரியா இருக்கு."

வாப்பா தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கைக்கு அடக்கமான ஒரு வட்டக் கண்ணாடி. "தாடி ஒதுக்க வேணும்லா," என்றார்.

பரீஹா வாயைத் திறந்தாள். "வாப்பா, நாளைக்கு..."

"நாளைக்கு யாரும் வரல."

உம்மா ஈரக் கையோடு திரும்பினாள். "ஏன்? அவங்க என்ன சொன்னாவ?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் வியாழக்கெழமையே போன் போட்டு வேண்டாம்னுட்டேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வடிவு கடைக்கு நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் போனேன். டேபிளு தலையில்லாம கெடந்துச்சு. பாத்தா எனக்குக் கோவம் வரல. ஒடம்பே லேசாயிட்டு. எம்புள்ளையப் பூட்டிப் போட்டவன் வீட்டுல இருந்து வந்தத, பத்திரமா மூடி வச்சு யாருக்குக் காட்டப் போறேன்?"

"பெறவு ஏன் வாப்பா வீட்ல ஒரு வார்த்த பேசல?"

"என்ன பேசன்னு தெரியல." வட்டக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, "நீ எப்ப சொல்லுதியோ, அப்ப பாத்துக்கலாம்மா. சொல்லாட்டியும் சரிதான்," என்றார்.

பரீஹாவுக்குக் கண் நிறைந்தது. அதை மறைக்க வாஷ்பேசினுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை, மறுபடியும் கழுவினாள். வெகு நாட்களாகத் தோளில் பிடித்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெயில் ஏறும் வரைக்கும் தூங்கினாள். வெளியே வாப்பாவும் உம்மாவும் பேசும் சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். பல்துலக்கும் பிரஷ் வைக்கும் டம்ளர் தொட்டிக்கு வலது பக்கமா, இடது பக்கமா என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் குரல்தான் பெரிதாக இருந்தது. அவள் புரண்டு படுத்து, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.