இடப்பக்கத்துக் கிராங்க்

2019 செப்டம்பர் 9, திங்கட்கிழமை காலை, ஜப்பானின் குரே நகரில் துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவுச் சாலையின் முதல் சிக்னலில், ஒரு மின்சார சைக்கிளின் இடது பெடல், அதைத் தாங்கும் கிராங்கோடு சேர்ந்து கழன்று சாலையில் விழுந்தது.

ஓட்டி வந்தவள் சிஹோ. வயது முப்பத்தாறு. பள்ளிகளுக்கு மதிய உணவு சமைக்கும் கூடம் ஒன்றில் வேலை. கால் வைத்த இடம் இல்லாமல் போனதில் இடதுபக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். பின்னால் வந்த சிமெண்ட் லாரி நின்றுவிட்டது. ஓட்டுநர் குதித்து இறங்கி ஓடிவந்தார். அவர் முதலில் போனது அவளிடம் அல்ல, சைக்கிளின் பின்பக்கக் குழந்தை இருக்கையிடம். மழை உறை முழுதாக ஜிப் போட்டு மூடியிருந்தது. ஜிப்பை இழுத்துத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

"அப்பாடா" என்றார். அப்புறம்தான் அவளைத் தூக்கிவிட்டார்.

அந்த இருக்கை ஜனவரியிலிருந்து காலி. அதற்கு முன் மூன்று வருடம் அதில் உட்கார்ந்து போனவள் கொஹாரு, சிஹோவின் ஒரே மகள். நான்கு வயதில் ஃப்ளூ வந்தது. காய்ச்சல் மூளைக்குப் போய் இரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலை அவள் கணவன் ரியோஹெய் முழங்கால் காயத்தைக் கழுவி மருந்து போட்டான். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். பெரிய கைகள். பஞ்சை எடுக்கும்போது மட்டும் விரல் நுனிகளால் எடுப்பான்.

"இங்க பாரு, அந்த வண்டியத் தூக்கிப் போட்டுடலாம்."

"பழுது பாத்தா சரியாயிடும்."

"ஜூன்ல ஒரு தடவ முடுக்கினேன். ஜூலைல முடுக்கினேன். போன மாசமும் முடுக்கினேன். கப்பல்ல வேலை பாக்குறவனுக்கு ஒரு போல்ட் முடுக்கத் தெரியாதா?"

"கப்பலுக்குப் பெடல் கிடையாதே."

அவன் சிரிக்கவில்லை. போன வருடமாக இருந்தால் சிரித்திருப்பான்.

கொஹாரு பிறந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் அம்மா, அப்பா என்றே கூப்பிட்டுவந்தார்கள். அந்த ஊரில் பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான். ஜனவரிக்குப் பிறகு அந்த வார்த்தைகள் இருவர் வாயிலும் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கூப்பிட்ட பெயர்களும் திரும்பி வரவில்லை. 'இங்க பாரு', 'கேளு' என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"லாரி நின்னுச்சு," என்றான் ரியோஹெய். "நிக்கலேன்னா? உன்னையும் பறிகொடுத்துட்டு நான் இந்த வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

"வண்டிய விடமாட்டேன்."

"வண்டியையா, சீட்டையா? சீட்டுன்னா கழட்டி உள்ள வெச்சுக்கோ."

"கழட்டினா அது வெறும் பிளாஸ்டிக்."

அவன் எழுந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு ஒட்டுத்தாளை எடுத்து மேசை மேல் வைத்தான். கழித்துக் கட்டும் பெரிய சாமான்களில் ஒட்டுவதற்காக நகராட்சி விற்பது. வேலை முடிந்து வரும் வழியிலேயே வாங்கியிருந்தான். சைக்கிளில் ஒட்டி வாசலில் வைத்துவிட்டால் காலையில் நகராட்சி லாரி வந்து எடுத்துப் போய்விடும். பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரையும் எழுதியிருந்தான்.

"கடையில காட்டு. இன்னொரு தடவ தளர்ந்துதுன்னா இத ஒட்டிடுவேன். அப்ப நீ எதுவும் சொல்லக்கூடாது."

"சரி" என்றாள்.

*

முனகதாவின் சைக்கிள் கடை சரிவின் அடியில், மீன் சந்தைக்குப் பின்னால் இருந்தது. முனகதாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கடைக்குள் ஒரு மடக்கு நாற்காலியில் சோயாவை அரைத்து டோஃபு செய்து விற்கும் குரிஹாரா உட்கார்ந்திருந்தார். காலை வியாபாரம் முடிந்ததும் அவர் அங்கேதான் இருப்பார். சைக்கிள் அவருக்கு ஓட்டத் தெரியாது.

முனகதா கழன்று விழுந்த கிராங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெடலைத் தாங்குகிற அந்த அலுமினியக் கையின் மறுமுனையில் ஒரு சதுரத் துளை உண்டு. அதுதான் சதுர அச்சின் மேல் இறுகி உட்கார வேண்டும்.

"மூலையெல்லாம் தேஞ்சு வட்டமா போச்சும்மா. தளர்ந்ததோட ஓட்டியிருக்கீங்க. ஆடுற பல்லு மாதிரிதான். ஆட ஆடக் குழி பெருசாகும். அப்புறம் யார் முடுக்கினாலும் நிக்காது."

"தன் பல்செட்டே வாயில நிக்கல," என்றார் குரிஹாரா. "ஊரான் சைக்கிளோட பல்ல ஆராய்ச்சி பண்றான்."

"நீ போய் உன் சோயாவ அரைடா."

"அரைச்சு வித்தும் ஆச்சு. உன்ன மாதிரியா, ஒரே போல்ட்ட நாள் பூரா தடவிக்கிட்டு?"

முனகதா அச்சைத் துடைத்துப் பார்த்தார். அச்சு எஃகு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கிராங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றார். புதிய கிராங்கை ஏற்றி, கை நீளத்துக்கு இருந்த ஸ்பேனரை மாட்டி, கணக்குப் பார்த்து முடுக்கினார். போல்ட்டின் தலையிலிருந்து கிராங்க் வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று போட்டார். போல்ட் அசைந்தால் கோடு முறிந்துவிடும்.

"பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார், குனிந்தபடியே.

"நாலு."

"அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இந்த வண்டி ஓடணும். ஆறு வயசு வரைக்கும் அந்த சீட்டு தாங்கும். நான் பாத்துக்கறேன், கவலப்படாதீங்க."

"பாத்துக்கோங்க" என்றாள் சிஹோ.

*

அந்த மாதம் முடிவதற்குள் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. மேட்டில் ஏறும்போது தெளிவாகக் கேட்டது. இரண்டு நாள் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினாள். ரியோஹெய் வீட்டில் இருக்கும்போது சைக்கிளைத் தெரு முனையிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் குனிந்து பார்த்தபோது வெள்ளைக் கோடு முறிந்திருந்தது. வேலை முடிந்ததும் நேராக முனகதாவிடம் போனாள்.

அவரும் கோட்டைப் பார்த்தார். கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"என் கை மேல தப்பு இல்லம்மா," என்றார் கடைசியில். "இருந்தா சொல்லிடுவேன்."

"சொல்லமாட்டான்," என்றார் குரிஹாரா.

"இந்த வருஷத்துக்கு முன்னால இது தளர்ந்ததே இல்லையா?"

"இல்ல. ஒரு தடவகூட."

"அப்ப வண்டி மாறல, ரோடும் மாறல. வேற ஏதோ மாறியிருக்கு. தள்ளி உக்காருடா குரிஹாரா. முடுக்கி விடறேன். அந்தக் கூல்டிரிங்ஸ் மெஷின் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்கம்மா. எப்பவும் எப்பிடிப் போவீங்களோ அப்பிடி."

சிஹோ சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுபோனாள். இடது காலை இடது பெடலில் வைத்தாள். வலது காலால் தரையை உந்தினாள், இரண்டு முறை, மூன்று முறை. உடம்பின் முழு எடையும் இடது பெடலின் மேல் நின்றது. பெடல் அழுந்தியதும் மோட்டார் விழித்துக்கொண்டு வண்டியை விருட்டென்று முன்னால் இழுத்தது. அந்த இழுப்பிலேயே வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"அட, ஸ்கூல் பொண்ணு மாதிரி நொண்டியடிச்சு ஏறுறாங்க," என்று குரிஹாரா சிரித்தார்.

அவள் திரும்பி வந்ததும் முனகதா தலையாட்டினார். காரணம் கிடைத்துவிட்டதில் அவர் முகம் தெளிந்திருந்தது.

"இதான். சாதா சைக்கிள்ல நொண்டியடிச்சு ஏறினா ஒண்ணும் இல்ல. இதுல மோட்டார் இருக்கு. நீங்க அந்த ஒரு பெடல் மேல மொத்தமா நிக்கறீங்க, வண்டி சாஞ்சிருக்கு, அப்பதான் மோட்டாரும் இழுக்குது. தினம் எத்தன தடவ அந்தக் கிராங்க முறுக்குது பாருங்க." அவர் கைப்பிடியில் இருந்த, மோட்டாரின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சைப் பார்த்தார். "அதுவும் 'பலம்'ல வெச்சிருக்கீங்க. பாப்பா உக்காந்திருக்கிறப்ப சரி. ஆனா பாப்பாவ வெச்சுக்கிட்டு இப்பிடி ஏறாதீங்கம்மா. கவிழ்ந்துடும்."

"அவ இருந்தா இப்பிடி ஏறமாட்டேன்," என்றாள் சிஹோ. "முதல்ல உக்காந்துடுவேன். ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்குவேன். அப்புறம்தான் மிதிப்பேன்."

"அதான் சரியான முறை. அப்ப தனியா போறப்ப மட்டும்தான் இப்பிடி. அது எத்தன தடவ இருக்கும், காலைல கொண்டுபோய் விட்டுட்டு..."

"எல்லாத் தடவையும்."

முனகதா புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு மழை உறையைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உறை மேல் வரை ஜிப் போட்டு மூடியிருந்தது.

குரிஹாரா எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "சோயா ஊறப் போட்டுட்டு வந்தேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் முனகதா.

"ஜனவரி."

அவர் திரும்பக் குனிந்து உட்கார்ந்தார். கிராங்கின் போல்ட் தலையைத் துணியால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"நான் இப்பிடி ஏறுறேன்னு எனக்கே தெரியாது," என்றாள் சிஹோ. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏப்ரல்லதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். அன்னிக்கே இப்பிடித்தான் ஏறியிருப்பேன் போல. சுவிட்சக்கூட மாத்தல நான். மாத்தத் தோணல. ஆனா பின்னால யாரும் இல்லன்னு என் காலுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு."

"ஹைஸ்கூல்ல எல்லாரும் நொண்டியடிச்சுத்தானம்மா ஏறினோம். கால் பழசுக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான் அது."

"அவ்வளவுதானா?"

முனகதா ஸ்பேனரை எடுத்தார். கிராங்கைக் கழற்றித் துளையைப் பார்த்தார். இம்முறை மூலைகள் தேயவில்லை, சீக்கிரமே வந்துவிட்டாள். அச்சைத் துடைத்துத் திரும்ப ஏற்றி முடுக்கினார். பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கோடு போட்டார்.

"வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்," என்றாள் அவள். "இன்னொரு தடவ தளர்ந்தா வண்டியக் கழிச்சுடுவார். நானும் சரின்னு சொல்லிட்டேன்."

"தளராது. ஆனா நான் முடுக்கறதுல இல்ல அது." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சுவிட்ச 'சாதாரணம்'ல வெச்சுக்கோங்க. உக்காந்துட்டு அப்புறம் கிளம்புங்க. பாப்பா இருந்தப்ப எப்பிடியோ அப்பிடி."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதைக் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "முடியுமாம்மா?"

"தெரியல."

தெருவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு காலை அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்தாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிரேக்கை விட்டு மிதித்தாள். கொஹாரு இருந்தபோது முதல் மிதி கனமாக இருக்கும். இப்போது கனம் இல்லை. வண்டி லேசாகப் போய்விட்டது.

திரும்பிப் பார்க்கும்படி முனகதா சொல்லவில்லை.

*

முதல் சில நாட்கள் முனகதா சொன்னது பாதி வழியில்தான் நினைவு வந்தது. சிக்னலில் இடது கால் தானாகவே பெடலுக்குப் போனது, இறக்கி வைத்தாள். அக்டோபர் நடுவில் கால் பழகிவிட்டது. உட்காருவது, பிரேக், திரும்பிப் பார்ப்பது, மிதிப்பது. 'டக்' சத்தம் வரவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை ரியோஹெய் குப்பைப் பையை வைப்பதற்காக வாசலுக்கு வந்தான். சிஹோ சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். பிரேக்கைப் பிடித்தாள். இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, மூடியிருந்த இருக்கையைப் பார்த்தாள்.

"அம்மா, வளைவுல மெதுவா போ," என்றான் ரியோஹெய்.

மூன்று வருடம் தினமும் அந்த இடத்தில் நின்று சொன்னது அது. தன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. குப்பைப் பை கையில் இருந்தது.

"சரிப்பா," என்றாள் சிஹோ.

அவள் போகவில்லை. அவனும் உள்ளே போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து காலை வணக்கம் சொன்னார். இருவரும் தலை குனிந்து வணக்கம் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் மிதித்துக்கொண்டு போனாள். அவன் குப்பைப் பையைக் கொண்டுபோய்த் தெருக் குப்பைகளை மூடியிருக்கும் வலைக்கு அடியில் வைத்து, காகம் இழுக்காதபடி வலையின் ஓரத்தைச் செருகினான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. "கேளு, நாளைக்கு மழையாம்," என்றான் அவன்.

டிசம்பரில் முனகதா வண்டியைச் சோதித்தார். வெள்ளைக் கோடு முறியவில்லை. ஒட்டுத்தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ரியோஹெய் நவம்பரிலிருந்து வேலைக்கு வழக்கமான பேருந்துக்கு முந்தின பேருந்தில் போகிறான். சிஹோ கிளம்பும் நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதில்லை.