பதினான்காம் எண் பேருந்தும் கொழுந்தனின் சைக்கிளும்

பதினான்காம் எண் பேருந்தை ஓட்டுபவளுக்குப் பணிமனையில் ‘ரயில்’ என்று பெயர். வைத்தவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வண்டி நேரம் தவறியதில்லை. முன்னால் யார் போனாலும் தாமாக ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்காதவர்களை ஹாரன் ஒதுக்கிவிடும். அவளுக்கும் அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

அதைக் கேட்டால் பல்லைக் கடிக்கிற ஆள் ஒருவன் அவள் வீட்டு மாடியிலேயே இருந்தான். கணவனின் தம்பி. தபால்காரன். அவன் பிழைப்பு சைக்கிளில், அவள் பிழைப்பு பேருந்தில். இருவருக்கும் பொதுவாக வாய்த்தது ஒரு குறுகலான கடைத்தெரு. காலை பத்தேகாலுக்கு அவன் அங்கே கடிதம் கொடுத்துக்கொண்டு போவான். பத்தேகாலுக்குத்தான் பதினான்காம் எண்ணும் அங்கே நுழையும். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வழக்கு நடக்கும்.

“அண்ணி, இன்னிக்கு உங்க பஸ் என் முழங்கையைத் தடவிட்டுப் போச்சு.”

“பட்டுச்சா?”

“படல. ஆனா...”

“படலைல்ல? அப்புறம் என்ன, சாப்பிடு.”

“பட்டிருந்தா இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டா இருப்பேன்?”

“அதான் தூரத்துலயே ஹாரன் அடிச்சேனேப்பா.”

“அடிச்சீங்க. அதுலயே பாதி உயிர் போயிடுச்சு. மிச்சத்தோடதான் வீடு வந்து சேந்தேன்.”

கணவனுக்கு இந்த நேரத்தில் மட்டும் தட்டில் ஏதாவது பெரிய ஆராய்ச்சி இருக்கும். மனைவி பக்கமும் பேச மாட்டான், தம்பி பக்கமும் பேச மாட்டான். தண்ணீர் வேண்டுமா என்று இருவரையும் பொதுவாகக் கேட்பான்.

அப்படியிருக்கும்போதுதான் பணிமனைப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் அரை நாள் பயிற்சிக்கு வர வேண்டும். பாதசாரிகள், சைக்கிள்காரர்கள் அருகே வண்டி ஓட்டுவது எப்படி என்று பாடம்.

“எனக்கா பாடம்?” என்றாள் ரயில். “கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்.”

“அப்படித்தான் ஓட்டுறீங்கன்னு உங்க வீட்டு மாடியில ஒருத்தர் சொல்றாராமே,” என்றார் பதினொன்றாம் எண் ஓட்டுநர். வயிறு முன்னால் வந்து அவர் பின்னால் வருகிற உருவம் என்பதால் அவருக்குத் தொந்தி அண்ணன் என்று பெயர்.

பயிற்சியன்று பணிமனைத் திடலில் எட்டு சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரம் தரையில் படாதபடி ஒவ்வொன்றையும் இரும்புத் தாங்கியில் பூட்டியிருந்தார்கள். எவ்வளவு மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒல்லியான ஒரு பயிற்சிக்காரம்மா கழுத்தில் விசிலோடு வந்தாள்.

“ஏறி உக்காந்து மிதிங்க. நேராப் பாருங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் பாடம்.”

“இவ்வளவுதானா?” என்று ரயில் சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாள். தொந்தி அண்ணன் மட்டும் ஏறுவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

விசில் ஊதியது. எட்டுப் பேரும் மிதித்தார்கள். பின்னால் எங்கோ ஒரு பேருந்து உறுமியது. அந்தச் சத்தத்தை அவள் பதினாறு வருடமாகக் கேட்டவள். ஆனால் கேட்டதெல்லாம் உள்ளேயிருந்து. இப்போது அது முதுகைப் பார்த்து வந்தது. இன்னும் தள்ளியிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் ஹாரன் காதுக்குள்ளேயே அலறியது. தோளுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் எழுந்து ஓடியது. முழங்காலுக்கு நேராக, அவள் உயரத்துக்குச் சக்கரம். காற்று முதலில் அவளை வெளியே தள்ளியது, பிறகு சக்கரத்தின் பக்கம் இழுத்தது. பேருந்துக்கு இழுக்கிற வாய் உண்டு என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“ஐயோ அம்மா!” என்று ஒரு குரல் கேட்டது. யாரப்பா இப்படிக் கத்துகிறது என்று பார்த்தால், அது அவள் குரல்.

தொந்தி அண்ணன் சைக்கிளில் இல்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்ட மனிதர், இறங்குவதற்கு யாரையும் எதிர்பார்க்கவில்லை.

“அரை மீட்டர் இடம் விட்டு ஓட்டச் சொன்னேன்,” என்றாள் பயிற்சிக்காரம்மா நிதானமாக. “இப்ப ஒன்றரை மீட்டர் விட்டு, மெதுவா, ஹாரன் இல்லாம.”

பேருந்து மறுபடி வந்தது. வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. அவ்வளவுதான். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

போன பேருந்தின் பின்னால் பதினான்கு என்று எழுதியிருந்தது. வேறொருவர் ஓட்டினாலும் வண்டி அவளுடையது.

அன்று ராத்திரி மேசையில் தபால்காரன் வழக்கை எடுத்தான். “அண்ணி, நேத்து திருப்பத்துல...” பட்டுச்சா என்று கேட்காமல் அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அண்ணன் தம்பி இருவரும் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பத்தேகாலுக்குக் கடைத்தெரு. முன்னால் கொழுந்தனேதான், சைக்கிள் கேரியரில் மூட்டைபோல் தபால் பையோடு. ஒரு ஓரம் முழுக்க வண்டிகள் நிறுத்தியிருந்தன. ஒன்றரை மீட்டருக்கு எங்கும் வழியில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள். ஹாரன் பக்கம் போன கையைத் திருப்பி ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டாள். பேருந்து சைக்கிளுக்குப் பின்னால் நடை பழகியது.

“என்னம்மா, வண்டி தூங்குதா?” என்றார் முன்சீட்டுக்காரர். “ஹாரன் அடிச்சு ஓரங்கட்டுங்க!”

“அவரும் ரோட்டுல போறவர்தானே. போகட்டும்.”

“எனக்கு ஆபீசுக்கு நேரமாகுது!”

“அவரு பையில உங்க ஆபீஸ் தபாலும் இருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேருங்க.”

தபால்காரனுக்கோ பின்னால் வழக்கமான அலறல் கேட்காததே பீதியைக் கிளப்பியது. உறுமல் மட்டும் தொடர்ந்து வருகிறது, முந்தவும் இல்லை. நாலு தடவை திரும்பிப் பார்த்தான். ஐந்தாவது தடவை சைக்கிளை நிறுத்தி, இறங்கி, ஓட்டுநர் ஜன்னலுக்கே ஓடி வந்துவிட்டான்.

“அண்ணி, பிரேக் போயிடுச்சா? ஹாரனும் வேலை செய்யலையா? உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ ஏறிப் போ.”

“அப்போ ஏன் இப்படி?”

பேருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

“நேத்து என்னை சைக்கிள்ல உக்கார வச்சாங்கப்பா,” என்றாள் தாழ்ந்த குரலில். “நீ சொன்னதெல்லாம் நிஜம்தான். பட்டுச்சான்னு கேட்டேன் பாரு, அது தப்பு.”

அவன் போய் சைக்கிளில் ஏறினான். காது மட்டும் சிவந்திருந்தது.

ஒரு வாரம் இப்படியே ஓட, பணிமனை மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“தினமும் அஞ்சு நிமிஷம் லேட்டு. என்னம்மா, ரயிலு தடம் புரண்டுடுச்சா?”

“ஐயா, கடைத்தெருவுக்கு நாலு நிமிஷம் போட்டிருக்கீங்க. நாலு நிமிஷத்துல போகணும்னா முன்னால போறவங்களுக்கெல்லாம் சிறகு முளைக்கணும்.”

“இத்தனை வருஷம் போனீங்களே?”

“போனேன். அதான் நாலு நிமிஷமே போதும்னு நீங்களும் நெனச்சுட்டீங்க. அந்தத் தப்பு என்னோடது. நாளைக்கு நீங்களே ஏறி வந்து பாருங்க.”

அவர் வந்தார். கையில் கடிகாரத்தோடு ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றார். கைத்தடி ஊன்றிய ஒருவர் நடுச்சாலை வரை வந்து, எதையோ மறந்தவராகத் திரும்பிப் போய், மறுபடி கடந்தார். குழந்தை வண்டி தள்ளி வந்த அம்மா ஒருத்தி சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். மேலாளரே இறங்கிப் போய்த் தூக்கிவிட்டார். ஏறி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம். மறுமாதத்துக் கால அட்டவணையில் கடைத்தெருவுக்கு ஒன்பது என்றே போட்டார். முன்சீட்டுக்காரர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, ஒரு வண்டி முன்னதாக வரப் பழகிக்கொண்டார்.

தபால்காரனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. பின்னால் பதினான்கு வருகிறது என்று தெரிந்தால் போதும், நடுத்தெருவில் ராஜா மாதிரி மிதிப்பான். தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் கை காட்டுவான். ஒரு நாள் தெரு அகலமாகிற இடத்திலும் ஒதுங்கவில்லை. அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“தம்பி! இடம் விடுறேன்னுதான் சொன்னேன். தெருவையே உன் பேருக்கு எழுதித் தர்றேன்னு சொல்லல!”

பேருந்தே சிரித்தது. அவன் அவசரமாக ஓரத்துக்குப் போய், போங்க என்று பவ்யமாகக் கையை நீட்டினான். அவள் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே விட்டு அவனைக் கடந்து போனாள்.