பயிற்சியில் நீங்கிய பெயர்

கல்லூரிக் கணினி அறையின் முதல் வரிசையில், சுவரோரமாக, வணிகவியல் பேராசிரியர் அருண்பாண்டியன். அவருக்குப் பக்கத்தில் தமிழ்த்துறை தங்கச்செல்வி. இரண்டாம் வரிசையில் நூலகர் ராஜகுருவும் தட்டச்சர் முருகலட்சுமியும். கடைசி வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் மாணவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு, தேர்வுப் பிரிவு எழுத்தர் தனுஷ்கோடி. பல்கலைக்கழகத்தின் புது மாணவர் பதிவு மென்பொருளில் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த கோகுல் மட்டும் உட்காரவே இல்லை. அவருக்கு அடுத்து நரிக்குடியில் ஒரு கல்லூரி காத்திருந்தது.

"பழகுறதுக்குன்னு வச்ச தளம் திறக்க மாட்டேங்குது. அசல் தளத்துலயே செஞ்சு பாத்துருவோம். சும்மா ஒரு பேரு, வாய்க்கு வந்த ஒரு பதிவெண் போடுங்க. சாயங்காலம் எல்லாத்தையும் நான் அழிச்சிருவேன்."

பாடம் இதுதான்: படிப்பை இடையில் நிறுத்தியவரின் பெயரை நீக்குவது. ராஜகுரு 'குட்டிச்சாத்தான்' என்று அடித்தார். முருகலட்சுமி தன் வீட்டு ஆட்டின் பெயரைப் போட்டாள். தங்கச்செல்வி போட்டது வீட்டுக்காரர் பெயரை. "ஒரு நாளாவது நீக்கிப் பாப்பமே" என்றார். அறையே சிரித்தது.

தனுஷ்கோடிக்கு மட்டும் கை ஓடவில்லை. இருபத்து நான்கு வருட வேலையில் எந்தக் கட்டத்திலும் அவர் இல்லாத பெயரை எழுதியதில்லை. பதிவேட்டைத் திறந்தார். கட்டைவிரல் நின்ற இடத்தில், பக்கத்தின் கடைசிப் பெயர்: கோ. ஜோதிகா, வணிகவியல் மூன்றாம் ஆண்டு, பரளச்சி. பதிவெண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து அடித்தார்.

அருண்பாண்டியன் திரும்பிப் பார்த்தார். "ஏண்ணே, விளையாட்டுக்குக் கூட ஒங்களுக்குப் பொய் வராதா?"

"பழக்கமில்ல சார்."

சாயங்காலம் கோகுல் சொன்னபடியே அழித்தார். கல்லூரியில் இல்லாத பதிவெண்கள் எவையெவை என்று தேடி எடுத்து அழித்தார். குட்டிச்சாத்தான் போனது, ஆடு போனது, தங்கச்செல்வியின் வீட்டுக்காரரும் போனார். ஜோதிகாவின் எண் அசல் எண். அது சரியான பதிவு என்று அப்படியே தங்கிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, தேர்வு நுழைவுச்சீட்டுகள் வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு வரவேண்டியதில் ஒன்று குறைந்தது. யாருடையது என்று தேடும் முன்பே தனுஷ்கோடி பதிவேட்டில் ஜோதிகாவின் பக்கத்தைத் திருப்பினார்.

திங்கட்கிழமை தேர்வு. பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் மளமளவென்று சொல்லி முடித்தது. கையெழுத்திட்ட அசல் கடிதம் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து சேர வேண்டும். மென்பொருள் கோளாறு என்றால் விசாரணைக் குழுவுக்குப் போகும். ஊழியர் தவறு என்றால், செய்தவரே பெயர் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கே சரிசெய்துவிடுவார்கள், நகல் அவருடைய பணிப்பதிவேட்டுக்கு வரும்.

டிசம்பரில் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல். முதல் பெயர் தனுஷ்கோடியுடையது.

எழுந்தார். தண்ணீர் குடித்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்குள் அருண்பாண்டியன் ஒரு தாளோடு வந்துவிட்டார்.

"மென்பொருள் கோளாறுன்னு எழுதிட்டேண்ணே. கையெழுத்து மட்டும் போடுங்க. அசல் தளத்தத் திறந்துவிட்டது யாரு? அந்தக் கோகுலு. பாதித் தப்பு அவன் மேலதான?"

"கமிட்டிக்குப் போயிருமே சார்."

"ரெண்டு நாள்ல முடிச்சிருவாக. நான் பேசுறேன்."

"போன வருசம் ஒரு கமிட்டி போட்டாகளே. அது எத்தன நாள்ல முடிஞ்சது?"

அருண்பாண்டியன் தாளை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

முருகலட்சுமி போனில் தகவல் சொல்லியிருக்க, பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஜோதிகாவும் அவள் அம்மா பொன்னுத்தாயும் வந்து இறங்கினார்கள். பொன்னுத்தாயின் சேலை ஓரத்தில் கரிசல் மண் காயாமல் ஒட்டியிருந்தது.

"குதிரைவாலியில களை எடுத்துக்கிட்டு இருந்தேங்கய்யா, போட்டது போட்டபடி ஓடியாறேன். எம்புள்ள படிப்ப நிறுத்திட்டான்னு எழுதிட்டாகளாமே. யாரு எழுதுனது?"

தனுஷ்கோடியின் கை மேசைமேல் இருந்த தாளை ஒருமுறை நேராக்கியது.

"நாந்தாம்மா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜோதிகா விருட்டென்று எழுந்தாள். "ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல சார் நான். காய்ச்சலோட வந்து பரிட்ச எழுதியிருக்கேன். இத்தன பேர்ல ஒங்க கண்ணுக்கு நாந்தான் ஆப்புட்டேனா?"

"ஏத்தா, சத்தம் போடாத. பெரியவுக."

"நீ சும்மா இரும்மா."

பக்கத்தின் கடைசியில் உன் பெயர் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அருண்பாண்டியனின் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். புதுத் தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வரிசையாக எழுதினார். அதுவரை பேனா தடையில்லாமல் ஓடியது. 'அய்யா' என்று போட்டதும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பேனாவை மூடினார், திறந்தார். பிறகு ஒரே மூச்சில் எழுதினார்:

'பயிற்சியின்போது வேறு எண் இடச் சொல்லியும், இம்மாணவியின் எண்ணை எடுத்து நீக்கப் பதிவு செய்தவன் நானே. மாணவி ஒரு நாளும் படிப்பை நிறுத்தவில்லை. அவர் தேர்வு எழுத வேண்டும்.'

கையெழுத்துப் போட்டதும் ஜோதிகா கை நீட்டினாள். "நம்பர நான் ஒருக்கா பாத்துக்கிறேன் சார்."

கொடுத்தார். அவள் விரலை வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்தாள். பிறகு கீழே இருந்ததையும் படித்தாள்.

"இதுக்கு ஒங்களுக்கு மெமோ வருமா சார்?"

"வரும்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ கணக்குப் பதிவியல் படி. திங்கக்கிழம மொதப் பேப்பர் அதுதான?"

முதல்வரிடம் மேலொப்பம் வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது இருவரும் பின்னாலேயே வந்தார்கள். யாரிடமாவது கொடுத்தனுப்புவதை ஜோதிகா ஒத்துக்கொள்ளவில்லை. விரைவு அஞ்சலில் போட மூன்று பேரும் நின்றபடியே பஸ்ஸில் திருச்சுழிக்குப் போனார்கள். வழியெல்லாம் கடிதத்தைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் தனுஷ்கோடி.

அஞ்சலகத்தில் தபால் கட்ட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கடிதத்தை எடுத்து உறைக்குள் வைத்துப் பசை தடவினார். ஒரு ஓரம் எழும்பியது. பொன்னுத்தாய் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். ஒட்டியபின்தான் கையை எடுத்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் எடை பார்த்து, விரைவு அஞ்சல் சீட்டை ஒட்டி, முத்திரை குத்திப் பைக்குள் போட்டார்.