தண்ணீர் நின்ற உயரம்

...மறுபடியும் அழித்துவிட்டார்கள், வெள்ளம் நின்ற உயரத்தைக் காட்டப் போன மாதம்தான் இவள் முட்டி போட்டு உட்கார்ந்து மட்டம் பார்த்து இழுத்த நீலக் கோடு, இப்போது அதன் மேல் பளிச்சென்று சுண்ணாம்பு. கேட்டால் வீட்டுக்காரர் சிரிக்கிறார், கோட்டைப் பார்த்தால் யாரும்மா குடிவருவாங்க என்கிறார். கோட்டை அழித்தால் வெள்ளம் வராதா, பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? தையல்காரம்மா அதற்கும் மேல், எங்க வீட்டில் கணுக்கால் அளவுதான் என்று சாதிக்கிறாள், தலையில் மெஷினோடு அவள் இடுப்புத் தண்ணீரில் நடந்ததை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்... இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்ற வீடுகளுக்குத்தான் முதல் படகு, அங்கேதான் நடக்க முடியாதவர்களை முதலில் தூக்குவார்கள், எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியச் சொன்னாள். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் சொல்வதை நம்பினால் அன்றைக்கு இந்தத் தெருவில் வெறும் தூறல். சாயங்காலத்துக்குள் வெள்ளக் குழுவுக்குப் பட்டியல் போயாக வேண்டும், செவிடன் காதில் சங்கு ஊதவா இவள் இந்த வேலைக்கு வந்தாள், மழையானால் வருஷத்துக்கு வருஷம் கொட்டித் தீர்க்கிறது, இவர்களானால் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்...

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்தாள். இருபத்தோரு வீட்டுக்கும் தன் கண்ணால் கண்ட அளவையே எழுதினாள், கோபித்தால் கோபிக்கட்டும். கடைசி வரி, இருபத்திரண்டாவது, அவள் வீடு. போன வருஷப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினாள், முழங்கால். கட்டிலிலிருந்து மாமியார், இரண்டு வருஷமாக இடது கால் இடது கை வராதவர், எல்லாருக்கும் எழுதிட்டியா என்று கேட்டார். ஆச்சு அத்தை என்றாள்.

"நம்ம வீட்டுக்கு என்ன போட்டே?"

அவள் பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

"நம்ம வீட்டுக் கோடு பீரோவுக்குப் பின்னாடி இருந்தாலும் எனக்குத் தெரியும்மா. அது என் கட்டில் உயரத்துக்கும் மேல இருக்கு."

அத்தைக்குப் படுத்துக்கொண்டே அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்றுதானே மறைத்தாள்... அத்தைக்கா? அந்தக் கோட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இந்த வீடு வேண்டாம், போய்விடலாம் என்று ஆரம்பிப்பது அவள் புருஷன், வேண்டாம் என்று மல்லுக்கு நிற்பது இவள், இது இவள் அப்பா கட்டிய வீடு. முழங்கால் என்பதை அடித்துவிட்டு மார்பு என்று எழுதினாள், மை சரியாக இறங்கவில்லை, மேலே இன்னொரு முறை எழுதினாள். எழுந்துபோய் பீரோவைத் தள்ளினாள். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினாள். போன வருஷம் யாரையும் கூப்பிடாமல் தனியாகத்தானே இங்கே நகர்த்தினாள், அன்றைக்கு மட்டும் அத்தனை பலம் எங்கிருந்து வந்தது...