காசு தரத் தயாரான ஒருவர்

எங்கள் செயலிக்கு ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன் ஆட்களிடம் பேசிவிட வேண்டும் என்பதில் நானும் நெட்டையும் உறுதியாக இருந்தோம். நெட்டை என்னுடன் படித்தவன், இப்போது கூட்டாளி. எங்கள் யோசனை எளிது. வெளியே போகும் பெண் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அவள் போனே வீட்டுக்குச் சொல்லிவிடும். அவள் அழைக்க வேண்டாம்.

பெண்களாகப் பார்த்துக் கேட்டோம். எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். காசு கொடுப்பீர்களா என்றதும் பேச்சை மாற்றினார்கள்.

"நல்லா இருக்குன்னா என்ன தெரியுமா?" என்றான் நெட்டை. "அவசியம் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டு அட்ரஸ் தராம போறது."

சொந்தக்காரர்களைக் கேட்பதில்லை என்று வைத்திருந்தோம். மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்வார்கள். ஆனால் அக்காவின் கணவர் தானாகவே அழைத்தார்.

"என்ன மச்சினி, ஊரையே கேக்கறியாம். மாமா கண்ணுக்குத் தெரியலையா?"

போனேன். டிவியை அணைத்துவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். அக்கா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சைப் பதிவு செய்யப் போனை மேசைமேல் வைத்தேன். எங்கள் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நிஜமான தேவை உள்ளவர் ஏற்கனவே ஏதாவது வழி வைத்திருப்பார்.

"அக்கா வெளிய போனா, போய்ச் சேர்ந்தது உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"போன் பண்ணுவா."

"பண்ணலைன்னா?"

"பண்ணாம இருக்க மாட்டா." சிரித்தார். "வீட்டுலதான் இருந்தேன்னு சொல்ற அன்னிக்கு, நான் வந்ததும் அவ ஸ்கூட்டர் எஞ்சினத் தொட்டுப் பாப்பேன். சுட்டா, எங்கயோ போயிருக்கா. எதிர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை. அப்புறம் செருப்பு."

"செருப்பா?"

"அடியில என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தா தெரியாதா? உன் படிப்பெல்லாம் இதுகிட்ட நிக்குமா சொல்லு."

எழுதிக்கொண்டேன். கை பழக்கத்தில் எழுதியது. இத்தனை வழி வைத்திருந்த ஆளை நாங்கள் அதுவரை சந்தித்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "அவ போன்ல அத அவளே அணைக்க முடியுமா?"

"முடியும் மாமா."

"முடியாத மாதிரி செய். இப்பவே காசு தரேன்."

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது.

பதிவை நிறுத்திப் போனை எடுத்துக்கொண்டேன். வழியனுப்புவதாகச் சொல்லி அக்கா என்னோடு படியிறங்கினாள்.

"கடையில ஒண்ணு பாத்து வெச்சிருக்கார். போன்ல போடறதுதான், எங்க போனாலும் காட்டிக் குடுக்கும். நீ செய்யறன்னு தெரிஞ்சதும், நம்ம வீட்டுப் பொண்ணுகிட்டயே வாங்கலாம்னு நிறுத்தி வெச்சிருக்கார்."

"நான் செய்ய மாட்டேன்க்கா."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாத." மேலே பார்த்தாள். "செய்யறேன்னு சொல்லு. இழு. ஒரு மாசம் இழு. வக்கீலப் பாக்கணும். தனியா ஒரு வீடு சொல்லி வெச்சிருக்கேன். நாலு இடம் போய் வரணும்டீ."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது."

நாங்கள் செய்யும் பதிவுகள், பேசியவரின் எண்ணோடு, முடிந்த கையோடு இருவருக்கும் போய்விடும். நான் நெட்டையின் அறைக்குப் போனபோது அவன் கேட்டு முடித்து, சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தான்.

"உங்க மாமாவெல்லாம் ஒரு மனுஷனா? இந்த யோசனைய இத்தோட மூட்டை கட்டிடலாம்."

"கட்டலாம். ஆனா அவர்கிட்ட இப்போதைக்கு..."

"சொல்லிட்டேன். இப்பதான் போன் பண்ணினேன். அந்த மாதிரி வேலை நாங்க செய்யறதில்ல, எங்கள நம்பிக் காத்திருக்காதீங்கன்னு. நறுக்குன்னு சொன்னேன்."

நல்லது செய்த திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

அக்காவை அழைத்தேன். மாமா எடுத்தார்.

"சொல்லு மச்சினி. அக்கா பக்கத்துலதான் இருக்கா. கடைக்குக் கெளம்பிட்டோம்." தெருச் சத்தம் கேட்டது. "உன் ஃப்ரெண்டு பெரிய யோக்கியன் போல."

"அவன் கெடக்கான் மாமா. நான் தனியா செஞ்சு தரேன்."

நெட்டை நடப்பதை நிறுத்தினான்.

"அணைக்க முடியாத மாதிரியா?"

"ஆமா மாமா."

"எப்ப?"

"ஒரு மாசம் ஆகும்."

"கடைக்காரன் அரை மணியில போட்டுத் தரேங்கறான்."

அக்காவின் குரல் கேட்கிறதா என்று போனைக் காதோடு அழுத்தினேன்.

"சரி, நம்ம பொண்ணாச்சே," என்றார். "ஞாயித்துக்கிழமை வரேன். ஓடற மாதிரி ஏதாவது காட்டு. அக்காவையும் கூட்டிட்டு வரேன், அவ போன்லயே போட்டுப் பாத்துடலாம். இல்லைன்னா கடை எங்க போயிடப் போகுது?"

போனை வைத்ததும் நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்தான்.

"பொய்யா ஒண்ணு காட்டிடலாம்," என்றான். "மேப்ல ஒரு புள்ளி. நம்ம இஷ்டத்துக்கு நகர்ற மாதிரி."

"அவளத் தெருமுனை வரைக்கும் நடக்கவிட்டுப் பாப்பார்."

நான் கணினியைத் திறந்தேன். புள்ளி நிஜமாகவே நகர வேண்டும். யாருடைய போன் என்று கேட்கும் இடத்தில் அக்காவின் எண்ணைத் தட்டினேன்.