மூன்றாம் பேஸ் பக்கம் சரிந்த மைதானம்

குன்சான் பேஸ்பால் மைதானம் மேங் தொக்சிலின் கோபத்தால்தான் சாய்ந்தது என்பதை, சியோலிலிருந்து வந்த பொறியாளர்கள் ஒலிம்பிக் நடந்த வருஷமே அளந்து சொல்லிவிட்டார்கள். மூன்றாம் பேஸ் பக்கத்துப் படிக்கட்டில், நாரைகள் அணியின் பெஞ்சுக்கு நேர் மேலே அவர் உட்காரும் இடத்துக்குக் கீழேதான் தரை இறங்கியிருந்தது. கடலோரச் சேறு இளகியிருக்குமோ என்று குழாய் இறக்கிப் பார்த்தார்கள். அடியில் கெட்டிப் பாறை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மட்டம் வைத்துப் பார்த்தார்கள். அணி தோற்றால் தரை அரை விரற்கடை இறங்கியது, ஜெயித்தால் அதில் பாதி. தொக்சில் சளிக்காய்ச்சலில் வீட்டில் கிடந்த வாரம் மட்டும் மைதானம் அசையாமல் இருந்தது. பொறியாளர்கள் கருவிகளை மடித்து வைத்தார்கள், ஸ்டேஷன் எதிரே காரமான கடல்மீன் நூடுல்ஸ் ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டார்கள், ரயிலேறிப் போய்விட்டார்கள்.

தொக்சில் பார்ப்பதற்குக் குள்ளம், எடையும் குறைவு. துறைமுகச் சாலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். அவரிடம் கற்ற மீன்கடைக்காரிகளும் கப்பல் பட்டறை ஆட்களும் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தக் கற்றார்களோ இல்லையோ, வீசிய பந்தைப் பிடிக்கும் கேட்சர் சரியில்லாத அணி ஏன் உருப்படாது என்பதைக் கற்றுக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் நாரைகள் அணியை இதுவரை நடத்திய ஆட்களை ஒருவர் விடாமல் திட்டுவார். பச்சை விழுந்த பிறகும் திட்டு பாக்கியிருந்தால் வண்டி நகராது. பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவர்களுக்கும் அதில் பங்கு கிடைக்கும். அணியை நடத்தியது ஒரு நூடுல்ஸ் கம்பெனி. அந்தக் கம்பெனியின் பொட்டலம் ஒன்றுகூட அவர் வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை.

இந்தக் கோபத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது. அணி தொடங்கியபோது அதன் முதன்மை வீச்சாளராக இருந்தவர் தொக்சிலின் தம்பி ஹாக்சு. இரண்டு பருவங்கள் அவரை ஓயவிடாமல் வீசவைத்தார்கள். இன்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை, நாளை இக்கட்டான நேரத்தில், மறுநாள் மறுபடியும். தோளில் ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் பருவம் தொடங்கிய வசந்தத்தில் ஹாக்சுவின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கம்பெனி அவருக்கு ஒரு கைக்கடிகாரமும் இரண்டு பெட்டி நூடுல்சும் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவைத்தது. குலுக்கியதும் அந்த வலது கையைத்தான்.

ஹாக்சு துறைமுகத்துக்குப் பின்னால் விலாங்கு மீன் சுட்டுக் கொடுக்கும் கடை போட்டார், கடை நன்றாக ஓடியது. அவர் யாரையும் வைததில்லை. பழைய பயிற்சியாளர் கடைக்கு வந்தபோதுகூட நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார். அன்றைக்கு அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏன்டா, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

"கை போனது எனக்கு. நீ ஏண்ணே கத்துற?"

"நீ கத்த மாட்டேங்கிற, அதான் கத்துறேன்."

"மீனு தீயுது. கொஞ்சம் தள்ளி நில்லு."

தம்பி படவேண்டிய கோபத்தையும் சேர்த்து அண்ணன் பட்டார் என்பது ஊரின் கணிப்பு. மைதானம் இறங்கத் தொடங்கியதும் அந்தக் கோடையில்தான். முதலில் பீர் விற்பவர்கள் கவனித்தார்கள்: முதல் பேஸ் பக்கம் கைதவறிய டப்பா மைதானத்தைக் கடந்து மூன்றாம் பேஸ் பக்கம் வந்து நின்றது. பிறகு ஆட்டக்காரர்கள். அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுவது மேடேறுவது போலாயிற்று. அங்கே போய்ச் சேர்ந்தவன், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் காற்றாய் இறங்கினான். அங்கிருந்து ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி ரன் எடுப்பதற்குள் மறுபடியும் மூச்சு வாங்கியது. கம்பெனி லாரி லாரியாக மண் கொட்டி நிரவிப் பார்த்தது. கொட்டிய மண்ணும் அடுத்த தோல்வியில் இறங்கியது. டிக்கெட் வாங்கிய ஆளை எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. தொக்சில் வறுத்த கணவாயைக் கிழித்து மென்றுகொண்டே, தொந்தி வைத்த நட்சத்திர ஆட்டக்காரர்களைத் தலைநகரிலிருந்து வாங்கிவரும் புத்தியை, அவர்கள் மேடேற முடியாமல் பாதியில் நிற்கும் அழகை, ஒவ்வொன்றாகப் பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு வருஷம் தொடர்ந்து கடைசி இடம் பிடித்தபின் கம்பெனி சாகோங் என்பவரை அணியின் நிர்வாகியாக அனுப்பியது. வெளிநாட்டில் படித்தவர், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். வந்த வாரமே அவர் தொக்சிலின் பள்ளிக்குப் போனார். தொக்சில் அவரைப் பயிற்சிக் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, நீங்க இனிமே மைதானத்துக்கு வர வேண்டாம். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் என்ன ஓசியிலயா வர்றேன்? ரோட்டைப் பாருங்க."

"உங்களால தரை இறங்குது."

"அணியை ஒழுங்காக் கட்டுங்க, தானா நிக்கும். பிரேக்கு, பிரேக்கு! யாருய்யா உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தான்?"

"அவ்வளவு தெரிஞ்சவர், எப்படிக் கட்டணும்னு நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார் சாகோங், கேலியாக.

தொக்சில் கேலியைக் கண்டுகொள்ளவில்லை. துறைமுகத்தைச் சுற்றி வண்டி எத்தனையோ வட்டம் போட்டது. பெட்ரோல் தீரும்வரை அவர் பேசினார். முதலில் கேட்சரைத் தேடு, பந்தை வெளியே தூக்கி ஹோம் ரன் அடிப்பவனை அப்புறம் தேடலாம். ஆட்டம் முழுவதையும் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தான். பத்து வருஷம் முன்னால் நன்றாக ஆடியவனுக்கு இன்றைக்குச் சம்பளம் கொடுக்காதே. ஜொல்லா மாகாணத்துப் பள்ளிகளில் ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்களை எடு. எடுத்தால் மூன்று வருஷம் பொறு. உன் மைதானம் சாய்ந்திருக்கிறதா, சாய்ந்த மைதானத்துக்கு அணியைக் கட்டு. முதல் பேஸ் கோட்டை ஒட்டிப் பந்தை மெல்லத் தட்டிவிட்டால் அது வெளியே போகாது, உள்ளேயே உருண்டு வரும். அதைத் தட்டத் தெரிந்தவன் வேண்டும். பேஸில் நிற்பவனைச் சரிவில் ஓடவிடு. முதலாளியின் மாப்பிள்ளையைப் பெஞ்சில் ஏற்றாதே. கடைசியாக, வீச்சாளனின் கை சதையும் நரம்பும். அதற்கு ஓய்வு கொடு. எந்தக் கோப்பைக்காகவும் ஒருத்தன் கையை முறிக்காதே.

சாகோங் வண்டியிலிருந்து இறங்கும்போது, "எங்க ஆபீஸ் வாட்ச்மேன்கூட இதைவிட நல்லாப் பேசுவான்" என்றார். "அப்ப அவனை நிர்வாகி ஆக்கு" என்று கதவைச் சாத்தினார் தொக்சில். இருவரும் அதன்பின் சாகும்வரை ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லவில்லை.

ஆனால் சாகோங் எல்லாவற்றையும் செய்தார், கடைசியாகச் சொன்னதைத் தவிர. தொந்திக்காரர்களை விற்றார். கடுகடுத்த முகமுள்ள ஒரு கேட்சரைக் கொண்டுவந்தார். ஜொல்லாவின் நாம்வோனிலிருந்தும் சுன்சாங்கிலிருந்தும் ஒல்லிப் பையன்களை எடுத்தார். மூன்று வருஷம் ஊர் அவரைத் திட்டியது. நாலாம் வருஷம் பையன்கள் சரிவில் ஓடத் தொடங்கினார்கள். வெளியூர் அணிகள் குன்சானுக்கு வருவதென்றால் முகம் சுளித்தன. அவர்கள் தட்டிய பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது; நாரைகளின் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. 'மைதானத்தைப் படித்தவர்' என்று பத்திரிகைகள் சாகோங்கைப் பாராட்டின. தொக்சில் தன் இடத்தில் உட்கார்ந்து முன்போலவே வைதார். தரை இறங்குவது குறைந்ததே ஒழிய நிற்கவில்லை.

அந்த ஒல்லிப் பையன்களில் ஒருவன் யோம் கிதே. வலது கை வீச்சாளன், கூச்ச சுபாவம், பந்து மட்டும் முரட்டுத்தனமாக வரும். அவனை வைத்துத்தான் அணி முதல்முறையாகக் கோப்பைக்கான இறுதித் தொடரில் நுழைந்தது. தொடரின் முதல் ஆட்டத்தில் அவன் வீசினான். இடையில் இரண்டு ஆட்டங்களில் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள், அப்போதும் வீசினான். ஜெயிப்பவர்களுக்கே கோப்பை என்ற கடைசி ஆட்டத்திலும், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை மதியம், அவனையே வீச்சு மேட்டில் ஏற்றினார்கள். ஊரே வந்திருந்தது. ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸில் நாரைகள் ஒரு ரன் முன்னால் இருந்தார்கள்.

கிதே ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் முதுகைத் திருப்பி, யாருக்கும் தெரியாமல் கையைத் தொங்கவிட்டு உதறினான். ஹாக்சுவும் அப்படித்தான் உதறுவார். தொக்சில் எழுந்துவிட்டார்.

"எடுடா அவனை! கையைப் பாருடா! வேற ஆளைப் போடு!"

"யோவ், ஜெயிக்கப் போறோம்யா, உட்காரு!"

"கோப்பை கிடக்குது கழுதை! பையனை இறக்கு!"

"இந்த ஆளை முதல்ல வெளியே இறக்குங்கப்பா!"

கோழி எலும்புகள் அவர் மேல் விழுந்தன, பிறகு பீர். பெஞ்சில் பயிற்சியாளர் தலையைத் திருப்பவில்லை. பின்னால் நின்ற சாகோங் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடியும் மைதானத்தைப் பார்த்தார். எட்டாவது இன்னிங்ஸுக்குக் கிதே மறுபடியும் மேட்டுக்கு நடந்தான். தொக்சில் உட்கார்ந்தார், வாயை மூடிக்கொண்டார். அந்தப் படிக்கட்டில் அவர் பேசாமல் இருந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் பேசாமல் இருந்தபோதுதான் தரை மொத்தமாக இறங்கியது. சத்தம் எதுவும் இல்லை. மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு முழம் தாழ்ந்தது. பந்துக் கூடை சாய்ந்து பந்துகள் புல்லில் வரிசையாக உருண்டன. முதல் பேஸில் நின்றவன் உட்கார்ந்துவிட்டான். வீச்சு மேட்டில் காலை ஊன்றி வீசப்போன கிதே வழுக்கி விழுந்தான். எழுந்து மறுபடி ஊன்றினான், மறுபடி விழுந்தான். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்டத்தை நிறுத்த மழையும் இல்லை, இருட்டும் இல்லை. காலை ஊன்ற முடியாத வீச்சாளனை மாற்றவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இடது கையால் வீசும் ஒருவன் வந்தான். உயர்ந்த பக்கத்து இடது காலை ஊன்றி வீசுபவன் என்பதால் அவன் விழவில்லை; ஆனால் பதற்றம் அவனுக்குப் பழகியிருக்கவில்லை. நாரைகள் ஒரு ரன்னில் தோற்றார்கள்.

ஊர் அவரை மன்னிக்கவில்லை. மறுநாள் காலைக்குள் பள்ளியின் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் மிச்சமில்லை, பயிற்சிக் கார்களின் டயர்கள் எல்லாம் தரையோடு இருந்தன. கற்றுக்கொள்ள வந்தவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள். மீன் சந்தையில் அவரைக் கண்டதும் கூடைகளைத் துணி போட்டு மூடினார்கள். அந்த முதல் நாள் காலையில் அவர் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோதே கிதே வந்தான். அழுது வீங்கிய முகம்.

"என் கோப்பையைத் திருடிட்டீங்க" என்றான்.

"ஆமா."

"யாரு நீங்க எனக்கு? அப்பனா, அண்ணனா? என் கை, நான் வீசுறேன். உங்களுக்கென்ன?"

"உன் தோள் எப்படி இருக்கு?"

பையன் வலது கையை ஓங்கினான். அது காதைத் தாண்டி, தலைக்கு மேலே, போகவேண்டிய உயரம் முழுக்கப் போனது. தொக்சில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், விலகவில்லை. அறை கன்னத்தில் விழுந்தது. வாயோரம் ரத்தம் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்தார்.

மத்தியானம் வீங்கிய கன்னத்தோடு தம்பி கடைக்குப் போனார். ஹாக்சு அடுப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"யாருண்ணே?"

"அந்தப் பந்து வீசுற பையன்."

"எந்தக் கையால அடிச்சான்?"

"வலது கையால."

ஹாக்சு கரியைக் கிளறினார். பிறகு கல்லில் இருந்ததிலேயே கொழுத்த துண்டை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். "நல்லா மென்னு தின்னு" என்றார். அண்ணனால் அந்தப் பக்கத்துப் பல்லால் மெல்ல முடியவில்லை, ஆனாலும் தின்றார்.

கோப்பை அதற்குப் பிறகும் குன்சானுக்கு வரவே இல்லை. சாகோங்கைக் கம்பெனி அந்தக் குளிர்காலத்தில் அனுப்பிவிட்டது. கிதே தலைமயிர் நரைக்கும்வரை அதே மேட்டில் வீசினான். தொக்சிலைத் தெருவில் பார்த்தால் எச்சில் துப்பிவிட்டு நடந்தான், அவரும் பதிலுக்குத் துப்பினார். அவர் தன் இடத்தை விடவில்லை. ஊர்க்காரர்கள் அவரைச் சுற்றி மூன்று வரிசை காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். தரை தோல்விக்குத் தோல்வி இறங்கியது, அதை யாரும் அளப்பதில்லை. மைதானத்துப் புல்லுக்குப் பொறுப்பான ஆட்கள் இப்போதெல்லாம் முதல் பேஸ் பக்கம் மட்டும் குழாயைத் திறந்துவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார்கள். தண்ணீர் தானாகவே மற்ற இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.